சோழவரமும் நொய்டாவும்

மக்கட்கு இயல்பாய் அமைந்த வேட்கைகளுள் விரைவு வேட்கையும் ஒன்றாம். குழந்தை தவழுங் காலத்திலேயே ஓட விழைகின்றது. ஓடக் கற்றபின் தன்னொத்த சிறாரை முந்த விழைகின்றது. நம் முன்னோர் தேரூர்ந்து மகிழ்ந்தனர். கொங்கு நாட்டார் காளைகளைச் சிறு வண்டியிற் பூட்டி ரேக்ளாப் பந்தயம் விடுகின்றனர். பவுலடியாரும் கொரிந்து நகரத்துத் திருச்சபையார்க்கு வரைந்த நிருபத்தில் பந்தய ஓட்டத்தைக் கிறித்தவ வாழ்வுக்கு உவமையாக எடுத்தாண்டார். ஆகலின் இவ்வேட்கையை முற்றுந் தீதென ஒதுக்குதல் பொருந்தாது. அதற்குரிய களம் யாது, அதற்கு ஆகும் விலை யாது, அவ்விலையைக் கொடுப்போர் யாவர் என்னும் மூன்று வினாக்களே ஆராயற்பாலன. மோட்டார் வண்டிப் பந்தயத்தின் வரலாற்றை, சிறப்பாக மூன்றே ஆண்டுகள் நடந்து நின்றுபோன இந்தியப் பெரும்பரிசுப் பந்தயத்தின் வரலாற்றை, இவ்வினாக்களோடு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இப்பொருளை யாம் எடுத்துக்கொண்டமைக்கு ஒரு காரணம் உண்டு. யாம் வதியும் பெரும்பாக்கத்தை ஒட்டி, மேடவாக்கத்தினின்று சோழிங்கநல்லூருக்குச் செல்லும் அகன்ற சாலையொன்று உளது. நள்ளிரவு கடந்தபின் அச்சாலையில் இளைஞர் சிலர் தம் மோட்டார் சைக்கிள்களைப் பந்தயமாக ஓட்டுவதுண்டு. 2024ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அவ்வாறு ஓட்டிய எம் அண்டை வீட்டு இளைஞர் ஒருவர் விழுந்து கால் முறிந்தார். அவர் வண்டி பழுது பார்க்கும் கடையில் வேலை செய்பவர். இயந்திரத்தின் ஒலியைக் கேட்டே அதன் நோயைச் சொல்லவல்லவர். யாம் அவரைக் காணச் சென்று, சாலையில் இவ்வாறு செய்யலாமோ என்று வினவினோம். அவர் சினந்திலர். “வேகமாக ஓட்டுவதற்கு எங்களுக்கு வேறு இடம் எங்கே இருக்கிறது?” என்று மட்டும் கேட்டார். அக்கேள்விக்கு அன்று எம்மிடம் விடை இல்லை. அவ்விடையைத் தேடியே பந்தய வரலாற்றைப் படிக்கலானோம்.

மோட்டார்ப் பந்தயம் பிறந்த நாடு பிரான்சு. 1894ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள், பாரிசினின்று ரூவான் நகர்வரை ஏறத்தாழ 126 கிலோமீட்டர் தொலைவுக்குச் செய்தித்தாள் நிலையத்தார் ஒருவர் வண்டிகளை ஓட விட்டனர். எவ்வண்டி இடரின்றி எளிதிற் சென்று சேரவல்லது என்று காண்பதே அவர்தம் நோக்கம். நீராவி வண்டியொன்று யாவற்றுக்கும் முன்னர் வந்து சேர்ந்தும் முதற்பரிசு பெற்றிலது. அதற்கு நெருப்பிடத் தனியே ஓர் ஆள் வேண்டியிருந்தமையே காரணம். ஆயின் சில்லாண்டுகளில் நோக்கம் மாறி, விரைவே பொருளாயிற்று. 1903ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் பாரிசினின்று மாட்ரிட் நோக்கிப் புறப்பட்ட பந்தயத்தில், சாலையின் இருமருங்கும் மக்கள் திரண்டு நிற்க, வண்டிகள் புழுதிப் படலத்தினூடே கண்மூடித்தனமாகப் பாய்ந்தன. சாரதியரும் வேடிக்கை பார்த்தோரும் மாண்டனர். ரெனோ கம்பெனியை நிறுவிய உடன்பிறந்தாருள் ஒருவராகிய மார்செல் ரெனோவும் அவருள் ஒருவர். பந்தயம் போர்தோ நகரத்திலேயே நிறுத்தப்பட்டது. ஊர்விட்டு ஊர் செல்லும் பொதுச்சாலைப் பந்தயம் அத்துடன் மதிப்பிழந்தது.

அந்நாளில் கார்டன் பென்னட் என்னும் அமெரிக்கச் செய்தித்தாள் முதல்வர் அளித்த கோப்பைக்காக நாடுகள் போட்டியிட்டு வந்தன. ஒவ்வொரு நாடும் மூன்று வண்டிகளையே அனுப்பலாம் என்பது அதன் விதி. வண்டி செய்யும் கம்பெனிகள் பல நிறைந்த பிரான்சுக்கு இவ்விதி உவப்பாக இல்லை. ஆகவே அந்நாட்டு மோட்டார்ச் சங்கத்தார் தாமே ஒரு பந்தயம் அமைத்து, அதற்குக் ‘கிராண்ட் பிரீ’ எனப் பெயரிட்டனர். பெரும்பரிசு என்பதே அதன் பொருள். 1906ஆம் ஆண்டு ஜூன் 26, 27 ஆகிய இரு நாட்களில் லெ மான் நகரைச் சுற்றி, வேலியிட்டு மூடிய சாலைகளில் அது நடந்தது. ஒரு சுற்று 103 கிலோமீட்டர். அத்தகைய சுற்றுகள் பன்னிரண்டு. புறப்பட்ட 32 வண்டிகளுள் முடிவெல்லையை எட்டியவை 11 மட்டுமே. ரெனோ வண்டியூர்ந்த பெரென்ஸ் சீஸ் என்னும் அங்கேரி நாட்டார் பன்னிரண்டு மணி நேரத்திற்குச் சற்று மேற்பட ஓட்டி வென்றார். பின்னர் 1921இல் இத்தாலியும், 1925இல் பெல்ஜியமும், 1926இல் பிரிட்டனும் தத்தம் பெயரால் பெரும்பரிசுப் பந்தயம் நிறுவின. தன் பெயராற் பெரும்பரிசு நடத்துதல் ஒரு நாட்டின் தொழிற்பெருமைக்கு அடையாளமாகக் கருதப்படலாயிற்று.

இங்கிலாந்தின் வரலாறு நமக்குப் பெரிதும் பயன்படுவதாகும். அங்குப் பொதுச்சாலையிற் பந்தயம் விடச் சட்டம் இடந்தரவில்லை. ஆகவே 1907ஆம் ஆண்டிலேயே புரூக்லண்ட்ஸ் என்னுமிடத்தில் பந்தயத்திற்கென்றே ஒரு களம் அமைத்தனர். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் நாடெங்கும் விமானத்தளங்கள் பயனற்றுக் கிடந்தன. நீண்டு அகன்ற கடினத் தரையும், சுற்றிலும் ஆளில்லா வெளியும் பந்தயத்திற்கு மிகப் பொருந்தியவை அல்லவோ? அவ்வாறு கிடந்த சில்வர்ஸ்டன் தளத்தில், 1950ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் உலக வாகைக்குரிய முதற் பந்தயம் நடைபெற்றது. இத்தாலியராகிய பாரினா என்பார் அதில் வென்றார். ‘பார்முலா’ என்பது பந்தய வண்டியின் எடை, இயந்திரம் முதலியவற்றுக்கு விதித்த வரம்பு. அவற்றுள் முதன்மையானதே ‘பார்முலா ஒன்’.

சில்வர்ஸ்டனில் நிகழ்ந்ததே நம் சென்னையிலும் நிகழ்ந்தது. செங்குன்றத்திற்கு அப்பால், வடக்கு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் சோழவரம் என்னும் ஊர் உளது. அங்கும் போர்க்காலத்து விமானத்தளம் ஒன்று கிடந்தது. 1953ஆம் ஆண்டு தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தார் அத்தளத்தைப் பந்தயக் களமாக்கினர். விமானம் ஏறவும் இறங்கவும் இட்ட ஓடுதளங்களே பந்தயச் சுற்றாயின. ஆண்டுதோறும் பெப்ரவரித் திங்களில் அனைத்திந்தியப் பந்தயம் அங்கு நடைபெற்று வந்தது. கோண்டல் சமஸ்தானத்து அரச குடும்பத்தாரும், கல்கத்தா, பம்பாய் நகரத்துச் செல்வரும், கோயம்புத்தூர்த் தொழிலதிபரும், இலங்கையினின்று வந்தோரும் ஆங்குப் போட்டியிட்டனர். பல்லாயிரவர் வெயிலில் நின்று கண்டு களித்தனர். முப்பதாண்டுகளுக்கு மேலாக அவ்விழா நடந்தது.

சோழவரத்தின் உண்மைச் சிறப்பு அங்கு வந்த பெருமக்களால் மட்டும் அமைந்ததன்று. அக்காலத்து அயல்நாட்டு வண்டிகளை இறக்குமதி செய்தல் அரிதினும் அரிது. ஆகவே அம்பாசடர், பியட், ஹெரால்டு முதலிய உள்நாட்டு வண்டிகளையே பந்தயத்திற்கு ஏற்பத் திருத்தினர். இவற்றுள் ஹெரால்டு வண்டி நம் தாம்பரத்தை அடுத்த வண்டலூர்த் தொழிற்சாலையிற் செய்யப்பட்டதாகும். குடும்பம் ஏறிச் செல்லும் வண்டியைப் பந்தய வண்டியாக்குதல் எளிய செயலன்று. எடையைக் குறைத்தல் வேண்டும். இயந்திரத்தின் உள்ளுறுப்புகளைத் தேய்த்துச் சீராக்கல் வேண்டும். வளைவிற் கவிழாதபடி உடலைத் தாழ்த்தல் வேண்டும். இவற்றையெல்லாம் பெயர் வெளிப்படாத மெக்கானிக்குகள் சிறு பட்டறைகளிற் செய்தனர். களத்தில் வென்றவர் பெயர் செய்தித்தாளில் வந்தது. கற்ற தொழில் பட்டறையில் தங்கியது. சோழவரம் ஒரு பள்ளிக்கூடமாக விளங்கிற்று என்பது மிகையாகாது.

அப்பள்ளியின் சிறந்த மாணாக்கர் கோவை கரிவரதன் அவர்கள். சோழவரத்தில் வண்டியோட்டிப் பெயர் பெற்ற இவர், பிறர் வெல்லுதற்கும் வழி வகுக்க எண்ணினார். விலை மலிந்த மாருதி வண்டியின் இயந்திரத்தைக்கொண்டு ஒற்றையாள் அமரும் பந்தய வண்டி செய்து, ‘பார்முலா மாருதி’ என்னும் வரிசையைத் தோற்றுவித்தார். பெருஞ்செல்வரல்லாத இளைஞரும் முறையான பந்தய வண்டியிற் பயிலுதற்கு அதனால் வாயில் திறந்தது. இவர் 1995ஆம் ஆண்டு விமான விபத்தில் உயிர் நீத்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்துப் பந்தயக் களம் இன்றும் இவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இதற்கிடையே சென்னைக் கழகத்தார் இராமானுசர் அவதரித்த திருப்பெரும்பூதூருக்கு அணித்தாகிய இருங்காட்டுக்கோட்டையில் தமக்கெனக் களம் அமைத்து, 1990இல் திறந்தனர். அதன் முழுச்சுற்று ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர். அக்களத்தில் பார்முலா மாருதி ஓட்டித் தம் பந்தய வாழ்வைத் தொடங்கியவரே நாராயண் கார்த்திகேயன். இவர் தந்தையார் தென்னிந்திய ராலிப் பந்தயத்தைப் பன்முறை வென்றவர். 2005ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஆஸ்திரேலியாவில் ஜோர்டன் அணியின் வண்டியூர்ந்து, பார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் என்னும் பெயரை இவர் பெற்றார். அவ்வாண்டு ஜூனில் அமெரிக்காவில் ஒரு கம்பெனியின் டயர்கள் களத்திற்குத் தகாவெனப் பதினான்கு வண்டிகள் விலகிவிட, எஞ்சிய ஆறனுள் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் ஈட்டினார். 2010இல் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக்கும் அவ்வரிசையிற் சேர்ந்தார். இருவரும் தமிழ்நாட்டுக் களங்கள் ஈன்ற மக்களேயாவர்.

டயர் என்ற அளவில் மற்றொரு பெயரையும் குறித்தல் கடன். 1946ஆம் ஆண்டு திருவொற்றியூரிற் சிறு கொட்டகையில் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கி, பின்னர் டயர் செய்து உலகப் பெயர் பெற்ற எம். ஆர். எப். கம்பெனியை நிறுவிய மம்மன் மாப்பிள்ளை அவர்கள் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் பயின்றவர். அக்கம்பெனியார் நாட்டின் பந்தயங்கட்குப் பொருளுதவி புரிந்ததோடு, தம் பெயராலேயே பந்தய வரிசையும் நடத்தினர்.

இனி இந்தியப் பெரும்பரிசினை நோக்குவோம். உத்தரப் பிரதேசத்தில், தில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில், கௌதம புத்தர் பெயர் பூண்ட மாவட்டத்தில், ஜேப்பி குழுமத்தார் ஒரு பெருங்களம் அமைத்தனர். செர்மானியச் சிற்பி ஹெர்மன் டில்கே அதனை வகுத்தார். சுற்றின் நீளம் 5.125 கிலோமீட்டர், பந்தயத்திற்குச் சுற்றுகள் 60. 2011ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் முதற் பந்தயம் நடந்தது. ரெட் புல் அணியின் செபாஸ்டியன் வெட்டல் வென்றார். நம் கார்த்திகேயன் 17ஆம் இடம் பெற்றார். 2012 அக்டோபர் 28, 2013 அக்டோபர் 27 ஆகிய நாட்களிலும் வெட்டலே வாகை சூடினார். மூன்றாம் முறை வென்ற அன்றே உலக வாகையும் நான்காம் முறையாக அவர்க்கு உறுதியாயிற்று. களம் சிறந்ததென்று சாரதியர் பலரும் புகழ்ந்தனர். எனினும் 2014இல் பந்தயம் நடைபெறவில்லை; அதன்பின் பார்முலா ஒன் அங்குத் திரும்பவேயில்லை.

நின்றமைக்குக் காரணங்கள் பல. மாநில அரசினர் இதனை விளையாட்டாகக் கொள்ளாது கேளிக்கையாகக் கொண்டு வரி விதித்தனர். வண்டிகளும் டயர்களும் இயந்திரங்களும் நாட்டினுள் வந்து மீளுங்கால் சுங்கத் தொல்லை நேர்ந்தது. பந்தய உரிமையாளர் இந்தியாவில் ஈட்டும் ஊதியத்திற்கு இங்கு வருமான வரி செலுத்தக் கடவரோ என்ற வழக்கு உச்சநீதிமன்றம்வரை சென்றது. கடவரே என்று 2017ஆம் ஆண்டு ஏப்ரலில் தீர்ப்பாயிற்று. பந்தயம் நடத்தும் உரிமைக்காக ஆண்டுதோறும் அயல்நாட்டார்க்குக் கொடுக்கும் பெருந்தொகையைச் சீட்டு விற்று ஈடுசெய்தல் இயலவில்லை. அம்மாவட்டத்து உழவர் நிலங்களை விரைவுச் சாலை முதலியவற்றுக்காகக் கையகப்படுத்தியமை பற்றி 2011 மே திங்களிற் கலகம் மூண்டு, உயிர்கள் போயினமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் மோட்டார் சைக்கிள்கட்குரிய உலகப் பந்தயம் ஒருமுறை அக்களத்தில் நடந்தது. மறு ஆண்டு அதுவும் தொடரவில்லை.

சோழவரத்தையும் நொய்டாவையும் ஒருங்கு வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். சோழவரத்திற்கு ஆன செலவு சிறிது. கிடந்த நிலத்தைப் பயன்படுத்தினர். கழகத்தார் பந்தயத்தின் மேலிருந்த பற்றால் உழைத்தனர். உள்ளூர் வண்டியும் உள்ளூர்த் தொழிலாளியும் அங்குப் பங்கு கொண்டனர். அதனால் ஒரு தலைமுறை கற்றதை அடுத்த தலைமுறை பெற்றது. நொய்டாவிற்கோ களம் வந்தது, வண்டி வந்தது, சாரதியும் வந்தனர். யாவும் மூன்று நாளில் விமானமேறித் திரும்பின. அக்களத்திற் பயில உள்ளூர் இளைஞர்க்கு வழி குறைவு. பெரும்பரிசு என்பது மரத்தின் உச்சியிற் காணும் கனி போன்றது. கனியை விலைக்கு வாங்கிக் கிளையிற் கட்டித் தொங்கவிட்டவர், அது மறுபருவம் பழுக்கவில்லையே என்று வருந்துதல் பேதைமை.

அண்மையில் சென்னை அரசினரும் ஒரு முயற்சி செய்தனர். தீவுத்திடலைச் சுற்றிக் கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் ஆகியவற்றை இணைத்து, 3.5 கிலோமீட்டர் நீளமுள்ள சுற்றில் இரவில் விளக்கொளியிற் பார்முலா நான்கு பந்தயம் நடத்தத் திட்டமிட்டனர். 2023 டிசம்பரில் நடக்கவிருந்த அது, மிக்ஜாம் புயல் வெள்ளத்தால் ஒத்திவைக்கப்பட்டது. பெரும்பாக்கமும் பள்ளிக்கரணையும் அன்று நீரில் நின்றன. பொதுச்சாலையில் பந்தயம் தகுமோ, அருகிலுள்ள மருத்துவமனையின் நோயாளர்க்கு இரைச்சல் துன்பமாகாதோ என்று சிலர் உயர்நீதிமன்றத்தில் வழக்கிட்டனர். நிபந்தனைகளோடு இசைவு கிட்டியது. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் பந்தயம் நடந்தேறியது.

அவ்விரவில் யாம் கால் முறிந்து கிடந்த அவ்விளைஞரின் வீட்டிலிருந்து, அவர்தம் கைப்பேசியிற் பந்தயத்தைக் கண்டோம். கூவத்தைச் செம்மை செய்யும்பொருட்டு அதன் கரைகளினின்று பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் பல பெரும்பாக்கத்து அடுக்குவீடுகளிற் குடியேற்றப்பட்டுள்ளன. அவர் குடும்பமும் அவற்றுள் ஒன்று. வண்டிகள் ஆற்றோரம் பாய்ந்த ஒரு நொடியில் அவர் திரையைத் தொட்டு, “இதற்குப் பின்னால்தான் எங்கள் வீடு இருந்தது” என்றார். அச்சொல்லில் வெறுப்பில்லை, வண்டிகளின் வளைவு நுட்பத்தை எமக்கு விளக்குவதிலேயே அவர் மனம் இருந்தது. இப்பந்தயத்திற்காக அவர்கள் பெயர்க்கப்பட்டாரல்லர் என்பதை யாம் அறிவோம். எனினும் பந்தயத்தை இத்துணை நேசிக்கும் ஒருவர்க்கு அதில் திரையளவே இடம் கிட்டியமை எம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

களம் இருந்தால் இடர் யாவும் ஒழியும் என்று யாம் சொல்ல வரவில்லை. 1955ஆம் ஆண்டு லெ மான் களத்தில் வண்டியொன்று கூட்டத்தினுட் சிதறி, எண்பதின்மர்க்கு மேற்பட்டோர் மாண்டனர். நம் இருங்காட்டுக்கோட்டையிலும் 2023 ஜனவரியில் 59 அகவையுடைய தேர்ந்த சாரதி ஒருவரும், ஆகஸ்டில் 13 அகவைச் சிறுவன் ஒருவனும் பந்தயத்தில் உயிரிழந்தனர். விரைவு கேட்கும் விலை மெய்யாகவே பெரிது. அகவை வரம்பும் பயிற்சி வரம்பும் இன்னும் கண்டிப்பாக வகுக்கப்படல் வேண்டும். எனினும் களத்தில் தலைக்கவசமும் தோலுடையும் கட்டாயம். மஞ்சட்கொடி அபாயத்தை அறிவிக்கும். செங்கொடி காட்டின் யாவரும் நிற்பர். டயர்ச் சுவர்கள் மோதலின் வேகத்தை உண்ணும். மருத்துவர் அருகிலேயே காத்திருப்பர். எம் ஊர்ச் சாலையிலோ இவற்றுள் ஒன்றும் இல்லை. அங்கு எதிரே வருபவர் இரவுப் பணி முடித்து வீடு திரும்பும் தாயாகவும் இருக்கலாம். அவர் எப்பந்தயத்திற்கும் பெயர் கொடுத்தவரல்லர்.

ஆகவே எம் நண்பரின் கேள்விக்கு யாம் இன்று கூறும் விடை இதுவே: சாலை இடமன்று என்பதைப் பாரிசு–மாட்ரிட் பந்தயம் 1903இலேயே உலகிற்குக் கற்பித்துவிட்டது; ஆயின் சாலையை மறுப்போர் களத்தின் வாயிலைத் திறத்தலும் கடன். இருங்காட்டுக்கோட்டையும் செட்டிபாளையமும் போன்ற களங்களில், சிறு கட்டணத்திற்கு, ஆசிரியர் மேற்பார்வையில், மெக்கானிக் கடைப் பையன்களும் பயிலத்தக்க நாட்கள் ஒதுக்கப்படுமாயின், அடுத்த கரிவரதன் பெரும்பாக்கத்தினின்றும் தோன்றலாம். இன்னொரு பெரும்பரிசு இந்தியாவிற்கு வருதல் பின்னர் நிகழட்டும்.

அகநானூற்றின் நான்காம் பாட்டில் குறுங்குடி மருதனார் ஒரு தலைவனைக் காட்டுகின்றார். அவன் வினை முடித்துத் தலைவியிடம் விரைந்து மீள்கின்றான். ஆயினும் வழியிலுள்ள சோலையில் மலருண்ணும் வண்டினங்கள் அஞ்சிக் கலங்குமோ என்று கருதித் தன் தேர்மணிகளின் நாவைக் கட்டி ஒலியடக்கிச் செல்கின்றான். அவன் விரைவு குறைந்ததாகப் புலவர் கூறிற்றிலர். விரைதலும் வழியில் உள்ள உயிர்க்கு இரங்குதலும் ஒருவன்பால் ஒருங்கே அமையும் என்பதைத் தமிழர் அன்றே கண்டனர். எம் நண்பர் இப்பொழுது நன்றாக நடக்கின்றார். கடைக்கும் சென்று வருகின்றார். இக்கட்டுரையை அச்சிற்கு அனுப்புமுன் அவர்க்குப் படித்துக் காட்டினோம். தேர்மணி பற்றிய பகுதியை மட்டும் இன்னொருமுறை படிக்கச் சொன்னார்.